நானூறு மீட்டர்

பல பேர் ஆளுக்கொரு மேஜையை வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கும் கோ-ஒர்க்கிங் கட்டடத்தில் அவளுக்கு ‘டேப்’ என்று பட்டப்பெயர். விசிட்டிங் கார்டில் ‘நகர வடிவமைப்பாளர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், எந்நேரமும் பையில் அளவு டேப்போடு அலைகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? நடைபாதையின் அகலம், படியின் உயரம், பெஞ்சுக்கும் குப்பைத்தொட்டிக்கும் உள்ள இடைவெளி என்று கண்ணில் பட்டதையெல்லாம் குனிந்து அளந்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். கல்யாணமாகி வந்த முதல் மாதமே மாமியாரின் சமையல் மேடையை அளந்தாள். “அத்தை, இது உங்க உயரத்துக்கு மூணு அங்குலம் அதிகம். தோள்பட்டை வலி அதனாலதான்” என்றாள். மேடையை இடித்துத் தாழ்த்திக் கட்டினார்கள். பத்து வருஷத்து வலி பத்தே நாளில் போனது. அன்றிலிருந்து மருமகள் ஒன்று சொன்னால் மாமியாருக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

மாமியார் தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊராரின் நல்லது கெட்டதெல்லாம் அவர் காது வழியாகத்தான் போய் வந்திருக்கிறது. அதனாலேயே அவருக்குப் போனைக் கண்டால் ஆகாது. “எனக்கு விதிச்ச போன் பேச்சையெல்லாம் அந்த ஒயர்லயே பேசித் தீர்த்துட்டேன். இனிமே முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன்” என்பார். அப்படி முகம் பார்த்துப் பேச அவருக்கு ஒரு ஆள் போதும். அது அவருடைய தங்கை.

தங்கை ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கைத்தாங்கலாக வீட்டுக்குள் நடப்பதோடு சரி. பஸ் படியில் ஏறுவது நடக்காத காரியம். முப்பத்தேழாம் நம்பர் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் அவர் வீட்டு வாசலிலேயே இருந்தது. அக்கா வீட்டு வாசலிலும் அதே பஸ் நின்றது. திங்களும் வியாழனும் பத்து மணி பஸ்ஸில் அக்கா போவார். மத்தியானம் வரை சீட்டாட்டம். இரண்டு பேரும் கூசாமல் ஏமாற்றுவார்கள்.

“உங்க சின்ன அத்தை ஒரு ராஜாவை மடியில ஒளிச்சு வச்சுக்கிட்டே ஆடறா” என்று ஒருநாள் வந்து மருமகளிடம் சொன்னார்.

“நீங்க கேக்கலையா?”

“எப்படிக் கேக்கறது? என் மடியில ரெண்டு இருந்துச்சே.”

டேப்புக்கு அந்த வீட்டில் பிடித்த சத்தம் இந்தக் கதைகள்தான். கணவன் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தான். ரத்தமும் கண்ணாடிக் குழாயுமாகக் கழித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவனுக்கு வாய் திறக்காது. மாமியாரும் மருமகளும்தான் அவனுக்கும் சேர்த்துப் பேசுவார்கள்.

அவர்கள் குடியிருந்த தெரு அப்போது பார்க்கச் சகிக்காது. தெருவின் நடுவில் ஒரு பழைய பிஸ்கட் தொழிற்சாலை இருந்தது. அது மூடிக் கிடந்து, பிறகு கோ-ஒர்க்கிங் இடமாக மாறியது. மாவு பிசைந்த கூடத்தில் நீளமான மேஜைகள் வந்தன, அடுப்பு இருந்த அறை கூட்ட அறையானது. கூரையில் சூரியத் தகடுகள், கொல்லையில் மழைநீர்த் தொட்டி, சுவரெல்லாம் இடித்த கட்டடங்களிலிருந்து எடுத்து வந்த பழைய செங்கல். டேப் அங்கே ஜன்னலோர மேஜை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தாள். பக்கத்து மேஜையில் பாட்டுக்கு இசை கோக்கிறவன், எதிரில் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிற பெண், கொஞ்சம் தள்ளி, என்ன வேலை பார்க்கிறான் என்று யாருக்குமே தெரியாத ஒருவன். உள்ளே இப்படி ஒரு சின்ன சொர்க்கம் என்றால், வாசலைத் தாண்டியதும் புகையும் ஹாரனும், மூன்று வரிசையாக நிறுத்திய கார்களும்.

இந்தத் தெருவை மாற்ற வேண்டும் என்று அவள் ஆறு வருஷம் அலைந்தாள். மாநகராட்சிப் படிகளில் ஏறி இறங்கியே செருப்புத் தேய்ந்தது. கடைசியில் ஒரு புதிய ஆணையர் வந்து சரி என்றார். எத்தனை பேர் நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்கார இடமில்லாமல் திண்டாடுகிறார்கள் என்று மூன்று வாரம் தலை எண்ணி, இரண்டு வரைபடங்கள் போட்டாள்.

முதலாவதில் இரு பக்கமும் மரம், பெஞ்சு, அகலமான நடைபாதை. நடுவில் ஒரே ஒரு பஸ் மட்டும் மெதுவாகப் போய் வரத் தடம். இரண்டாவதில் வண்டி என்ற பேச்சே கிடையாது. தெரு முழுக்க மனிதருக்கும் மரத்துக்கும். பஸ்ஸைப் பின்பக்கத்துப் பெரிய சாலைக்குத் திருப்பிவிட்டால் புதிய நிறுத்தம் நானூறு மீட்டர் தள்ளி வரும்.

கூட்டம் அந்த அடுப்பு அறையில்தான் நடந்தது. கோ-ஒர்க்கிங் நிர்வாகிக்கு இரண்டாவது படத்தைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். வாசலில் மேஜை போடலாம், வெயிலுக்குக் குடை விரிக்கலாம் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டார். போக்குவரத்துத் துறையிலிருந்து வந்திருந்த, பஸ் வந்து போகும் நேரத்தைக் குறிக்கிற டைம் கீப்பர் ஒருவர் மட்டும், காக்கிச் சட்டைப் பையில் மூன்று பேனா செருகியிருந்தவர், கையைத் தூக்கினார்.

“மேடம், இந்த ஸ்டாப்புல ஏறுறவங்க முகமெல்லாம் எனக்குத் தெரியும். அதுல பல பேரால இங்கேர்ந்துதான் ஏற முடியும். ஸ்டாப் தள்ளிப் போச்சுன்னா அங்க போய் ஏற மாட்டாங்க. ஏறாமலே இருந்துடுவாங்க.”

அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். பஸ் நிறுத்தத்துக்கு நானூறு மீட்டர் நடக்கலாம் என்பது பல நகரங்கள் ஒத்துக்கொண்ட அளவு என்றாள். திரையில் அட்டவணை காட்டினாள். அவர் அட்டவணையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், உட்கார்ந்துவிட்டார். எண்ணுக்கு முன்னால் அவரிடம் சில முகங்கள்தான் இருந்தன.

இதில் யாரும் அவளை நெருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆணையர், “ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம், நீங்க சொல்லுங்க” என்றுதான் சொன்னார். முதல் படத்தில் அந்தப் பஸ் தடம் தெருவின் நடுவே சாம்பல் நிறத்தில், தையல் போட்ட தழும்பு மாதிரி ஓடியது. எத்தனை முறை வரைந்தாலும் அது அவள் கண்ணை உறுத்தியது. இரண்டாவது படம் பார்க்க அழகாக இருந்தது. அதனால் அதைச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டார். “ஏம்மா, பஸ் நின்னுடும்னு கீழ் வீட்டுல பேசிக்கிறாங்களே?”

“நிக்காது அத்தை. கொஞ்சம் தள்ளி நிக்கும். அஞ்சு நிமிஷ நடை. உங்க டாக்டரும் நடங்க நடங்கன்னுதானே சொல்றார்.”

“அஞ்சு நிமிஷம்தானா? அப்ப சரி” என்று மாமியார் அடுத்த பட்டாணியை எடுத்தார். ஐந்து நிமிஷம் என்பது முப்பத்தெட்டு வயசுக் காலுக்கு. எழுபத்து மூன்று வயசுக் காலை அவள் அளக்கவில்லை. சமையல் மேடையை அளந்தவளுக்கு அது ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தெரு திறந்தது. நன்றாகவே இருந்தது, அதில் பொய்யில்லை. மழை பெய்தால் தண்ணீர் தேங்காமல் மரக்குழிகளுக்குள் இறங்கியது. குழந்தைகள் வாசலில் விளையாடினார்கள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்கள் கோ-ஒர்க்கிங்காரர்கள். இசைக்காரன், முதல் தடவையாகத் தன் காதுக்குக் குருவிச் சத்தம் கேட்கிறது என்றான். தலை எண்ணிப் பார்த்தால் நடப்பவர்கள் இரண்டு மடங்காகியிருந்தார்கள். அந்த வருஷம் நகரத்தின் சிறந்த தெரு என்று பரிசு கொடுத்தார்கள். விழாவுக்கு மாமியார் இருக்கிறதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். மருமகள் பெயரை வாசித்ததும் கைதட்டியதில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திங்களும் வியாழனும் மாமியார் பழையபடியே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். இப்போது பத்து மணிக்குப் பதில் ஒன்பதரைக்கு. “மெதுவாத்தானே நடக்கறேன்” என்பார். மத்தியானம் திரும்பி வந்து செருப்பை அவிழ்த்ததும் சீட்டாட்டக் கதை. ஒருத்தி ஜோக்கரை இடுப்பில் செருகினாள், இன்னொருத்தி கழித்துப் போட்ட சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். டேப் மேஜை வேலைக்கு நடுவே சாப்பிட வீட்டுக்கு வந்தால் கதை கேட்டுச் சிரித்துவிட்டுப் போவாள். மழைக்காலத்தில் ஒரு முறை, “முட்டி எப்படி இருக்கு அத்தை, நடக்க முடியுதா?” என்று கேட்டாள். “அது பாட்டுக்கு இருக்கு” என்றார் மாமியார். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

பரிசு வாங்கி நாலு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சின்ன அத்தையின் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார். மாமியார் மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தங்கையின் கையைப் பிடித்தபடி இருந்தாரே தவிர, அவர் அழுது யாரும் பார்க்கவில்லை. தங்கை மயக்கத்திலேயே இருந்தார். அக்கா வந்தது தெரிந்ததோ தெரியவில்லையோ.

எல்லாம் முடிந்து, அடுத்த வாரம் சின்ன அத்தையின் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மாமியாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கணவனும் டேப்பும் போனார்கள். அவன் புத்தக அலமாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் பக்கத்து வீட்டுக்குச் சாவி கொடுக்கப் போனாள். பக்கத்து வீட்டுக்காரி முடி திருத்தும் கடை வைத்திருந்தவள், பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

“பெரியம்மா எப்படிம்மா இருக்காங்க? பாவம், கடைசியில ஒரு தடவைகூட வந்து பார்க்க முடியாமப் போச்சு.”

“ஏன், வந்துட்டுத்தானே இருந்தாங்க” என்றாள் டேப். “வாரத்துக்கு ரெண்டு நாள்.”

பக்கத்து வீட்டுக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை.

“இல்லம்மா. அந்த பஸ் மாறினதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசம் வந்தாங்க. வந்தாலே முட்டி இவ்ளோ பெருசா வீங்கியிருக்கும். நான்தான் ஐஸ் வச்சுக் கொடுப்பேன். அப்புறம் வரலை. எட்டு மாசம் ஆச்சு. இந்தச் சின்னம்மாதான் திங்கக்கிழமை ஆனா வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க.”

டேப் சாவியை அவள் கையில் வைத்தாள். என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்பது நினைவில்லை. கணவனிடம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாதமாக வாரம் இரண்டு முறை மாமியார் பையை மாட்டிக்கொண்டு எங்கே போனார், மத்தியானம் வரை எங்கே இருந்தார், வந்து சொன்ன கதையெல்லாம் என்ன என்பதே டாக்ஸியில் வரும் வழி முழுக்க மண்டைக்குள் குடைந்தது.

மறுநாள் காலை வீட்டு வாசலிலிருந்து புதிய நிறுத்தத்துக்கு நடந்தாள். மாமியார் நடக்கிற மாதிரி, ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்து நடந்து பார்த்தாள். அவள் போட்ட தெரு நூற்றைம்பது மீட்டரில் முடிந்தது. அதுவரை மரமும் பெஞ்சும். அப்புறம் வரைபடத்தில் அவள் வெறும் கோடாக விட்டிருந்த பகுதி: மேடு, உடைந்த நடைபாதை, சிக்னலில் பதினெட்டு நொடிக்குள் கடக்க வேண்டிய நாலு தடச் சாலை. உட்கார ஒரு கல் கிடையாது. சிக்னலுக்கு முன்னால் ஒரு மருந்துக்கடை, அதன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவள் போய் மாமியாரின் அடையாளத்தைச் சொன்னதும் கடைக்காரம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

“சீட்டுக்கட்டு அம்மாவா? அவங்களுக்காகத்தான் அந்த நாற்காலியே போட்டேன். மொதல்ல எப்படியோ கடந்து போய்ட்டிருந்தாங்க. அப்புறம் முட்டி முடியாமப் போச்சு; சாலையைக் கடக்கப் பார்ப்பாங்க, பாதியில சிக்னல் விழுந்துடும்னு பயந்து திரும்பிடுவாங்க. நாலஞ்சு வாரம் முயற்சி பண்ணினாங்க. அப்புறம் இங்கயே உக்காந்துட்டாங்க.”

“உக்காந்து என்ன பண்ணுவாங்க?”

“போன்ல தங்கச்சிகூடச் சீட்டாடுவாங்க. மடியில ஒரு கட்டு பிரிச்சு வச்சிருப்பாங்க, அந்தப் பக்கம் அவங்களும் வச்சிருப்பாங்க போல. ‘நான் ராணி போடறேன்’னு இவங்க சொல்லுவாங்க. கையில பார்த்தா ராணியே இருக்காது. எனக்கு மாத்திரை எண்ணவே முடியாது, சிரிப்பு வந்துடும். ரெண்டு வாரமா ஆளைக் காணோமே, உடம்பு சரியில்லையா?”

தங்கச்சி இறந்துவிட்டார் என்று டேப் சொன்னாள். கடைக்காரம்மா கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

போனைத் தொடவே பிடிக்காத மனுஷி, ஏழெட்டு மாதம் மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்து போனில் சீட்டாடியிருக்கிறார். வீட்டிலேயே இருந்து ஆடியிருக்கலாம். ஆனால் வீட்டிலிருந்தால் மருமகள் ‘ஏன் போகலை’ என்று கேட்பாள், பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பதிலை அவளுக்குச் சொல்லக் கூடாது என்பதற்காகவே வெயிலிலும் தூறலிலும் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் ஜன்னலோரத்தில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். டேப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“மருந்துக்கடைக்குப் போயிருந்தேன் அத்தை.”

மாமியார் மடிப்பதை நிறுத்தவில்லை. “நாற்காலி இருக்கா இன்னும்?”

“இருக்கு.” பிறகு, “ஏன் அத்தை சொல்லல?” என்றாள்.

“சொல்லி?”

“டாக்ஸி வச்சுக் கொடுத்திருப்பேன். நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

“செய்வே. லீவு போட்டுக்கூடச் செய்வே, எனக்குத் தெரியாதா. ஆனா பஸ்னா நான் யாரையும் கேக்க வேண்டாம் பாரு. செருப்பை மாட்டினேன், போனேன். டாக்ஸின்னா உன்னைக் கேக்கணும், இல்ல அவனைக் கேக்கணும். சீட்டாடப் போறேன், வண்டி வைங்கன்னு வாரத்துக்கு ரெண்டு தடவை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது?”

“அப்ப பஸ்ஸைத் திரும்பக் கேட்டிருக்கலாமே. வரைஞ்சது நான்தானே.”

மாமியார் மடித்த துண்டை இன்னொரு முறை பிரித்து மடித்தார். “கேக்கலாம்னு ஒரு நாள் உன் ஆபீசுக்கு வந்தேன். நீ மேஜையில இல்ல. கீழ பெஞ்சுல உக்காந்தேன். குழந்தைங்க ஓடிப் பிடிச்சு விளையாடிட்டு இருந்துச்சுங்க. நீ ஆறு வருஷம் நாயா அலைஞ்சதை நான் பார்த்தவதானே. என் ஒருத்தி முட்டிக்காக இதைப் பிரிச்சுப் போடுன்னு சொல்லவான்னு எழுந்து வந்துட்டேன்.”

“நீங்க ஒருத்தி இல்ல அத்தை. இன்னும் நிறைய பேர் இருந்திருப்பாங்க.”

“அது எனக்கு எப்படிம்மா தெரியும்? எண்ணினது நீதானே.”

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்குக் குத்திப் பேசத் தெரியாது. அதனாலேயே அது நேராக உள்ளே இறங்கியது. அவள் எண்ணியது தெருவில் நின்றவர்களை. நிற்காமல் போனவர்களை எண்ண எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மூன்று வாரம் தலை எண்ணியவளுக்கு, ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்ட ஒரு தலை குறைந்தது தெரியவில்லை.

“உன்மேல எனக்கு வருத்தம் இல்ல” என்றார் மாமியார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. “அவ ஒவ்வொரு வாரமும் கேப்பா. ‘வர்ற வியாழன் வர்றியாக்கா’ன்னு. நானும் வர்றேன்னேன். ஒவ்வொரு வாரமும் வர்றேன்னேன். சீட்டுல ஏமாத்தினா பரவால்ல. இதுல ஏமாத்தியிருக்கக் கூடாது.”

டேப் அவர் கையைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே இருந்தது. திரும்பப் பற்றிக்கொள்ளவும் இல்லை, விலக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். “எனக்கும்தானே தெரியல” என்றான். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் அவன் தெருவை வரைந்தவன் இல்லையே.

அடுத்த வாரம் அவள் பஸ் பணிமனைக்குப் போய் அந்த டைம் கீப்பரைத் தேடினாள். அவருக்கு ஓய்வு பெற ஐந்து மாதம்தான் பாக்கி. பழைய நிறுத்தத்தில் ஏறிக்கொண்டிருந்து, புதியதில் ஏறாதவர்கள் யார் யார் என்று கேட்டாள். அவர் ஒரு பேனாவை எடுத்து, பேர் தெரியாததால் அடையாளம் எழுதினார். பச்சைக் குடைக்காரர். இரட்டைக் குழந்தைக்காரி. பியானோ சுருதி சேர்க்கிற கண் தெரியாதவர். ஆக்சிஜன் உருளையோடு வரும் அம்மா. முப்பத்தொரு பேர். “அன்னைக்கே இதை எழுதிக் கொண்டு வந்திருக்கணும் மேடம். உங்க அட்டவணையைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரல” என்றார்.

“நீங்க பேசினீங்க சார். நான்தான் கேக்கல.”

தேடிப் போனதில் பத்தொன்பது பேரைக் கண்டுபிடித்தாள். பச்சைக் குடைக்காரர் மனைவியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தவர். அந்த அம்மாள் நினைவு தப்பியவர்களுக்கான இல்லத்தில் இருந்தார். இப்போது மாதம் ஒரு முறைதான் போகிறார். “போன தடவை அவளுக்கு என்னை அடையாளம் தெரியல” என்றார். இரட்டைக் குழந்தைக்காரி வேலையை விட்டிருந்தாள். சுருதி சேர்ப்பவர் வேறு பேட்டைக்கே குடிபோயிருந்தார். ஒருவரும் புகார் எழுதவில்லை. யாருக்கு எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பழைய முதல் படத்தை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு அதே அடுப்பு அறையில் எழுந்து நின்றாள். “நான் பண்ணினது தப்பு” என்று ஆரம்பித்தாள். கோ-ஒர்க்கிங் நிர்வாகிக்கு முகம் இறுகிவிட்டது. “பரிசு வாங்கின தெரு மேடம். நீங்களே வரைஞ்சு நீங்களே அழிக்கிறதா?” என்றார். சிலர் அவளுக்குப் பரிதாபப்பட்டார்கள். குடும்பத்தில் இழவு விழுந்ததால் மனசு கலங்கியிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். இசைக்காரன் குருவிகளை நினைத்து எதிர்த்தான். படம் போடும் பெண் மட்டும் பேசாமல் அந்தப் பத்தொன்பது பேரின் வீடுகளுக்கு அவளோடு போனாள், ஒவ்வொருவர் முகத்தையும் வரைந்து மாநகராட்சிக் கோப்போடு வைத்தாள். ஆணையர் மாறினார். கோப்பு தூங்கியது, எழுந்தது, மறுபடி தூங்கியது. இடையில் டேப் தன் ஜன்னலோர மேஜையைக் காலி செய்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

பதினாலு மாதம் கழித்து, தெரு நடுவில் ஒற்றைத் தடம் போட்டு முப்பத்தேழாம் நம்பர் பஸ் திரும்பி வந்தது. மூன்று மரங்களை இடம் மாற்றி நட வேண்டியிருந்தது. நடக்கிறவன் வேகத்தில்தான் பஸ் வந்தது. குழந்தைகள் ஒதுங்கி நின்று ஓட்டுநருக்குக் கைகாட்டினார்கள். ஓய்வு பெற்ற டைம் கீப்பர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். பச்சைக் குடைக்காரர் வரவில்லை. அவர் மனைவி போன மாதம் இறந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு அம்மா ஏறுவதற்கு முன் டேப்பிடம், “நீங்கதான் இந்த பஸ்ஸை வரவச்சீங்களாமே. நல்லா இருப்பீங்க” என்றார்.

“போகவச்சதும் நான்தாம்மா” என்றாள் டேப்.

அந்த அம்மாவுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்.

வீட்டுக்குத் திரும்பியபோது மாமியார் சாப்பாட்டு மேஜையில் பழைய பத்திரிகைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பஸ் வந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். கீழே இறங்கி வரவில்லை.

“கூட்டம் இருந்துச்சா?”

“இருந்துச்சு அத்தை. பதினாலு பேர் ஏறினாங்க.”

“நல்லதும்மா” என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார்.

டேப் ஒரு கட்டைப் பிடித்துக் கொடுத்தாள். “நாளைக்கு நாம ஒரு தடவை போயிட்டு வரலாமா? சும்மா, கடைசி ஸ்டாப் வரைக்கும்.”

மாமியார் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். பிறகு நிமிர்ந்து, வழி கேட்கிறவர் மாதிரி அவளைப் பார்த்துக் கேட்டார்.

“அங்க இறங்கி எங்கம்மா போறது?”